ஈயக் குதிரைகள்

வாட்டர்லூ யுத்தம் 1815-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் நிகழ்ந்தது என்று ஆங்கிலப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர் நம்மிற் பலர். அன்று நடந்தது இன்னதுதான் என்று முடிவு கட்டியவர் யார், எவ்விதம் கட்டினர் என்பதை மட்டும் நமக்கு எவரும் சொன்னாரில்லை. அதனை நாம் ஒரு பொம்மைக்காரரின் வரலாற்றிலிருந்து அறியலாம். பொம்மைக்காரர் என்றது ஏளனமன்று.

வில்லியம் சைபோர்ன் என்பார் பிரிட்டிஷ் சேனையில் ஒரு லெப்டினன்டு, நிலமளந்து படம் வரைவதில் தேர்ந்தவர், வாட்டர்லூவிற் போரிட்டவரல்லர். அப்போர்க்களத்தைச் சிற்றுருவில் அமைக்கும்படி 1830-ல் அவருக்கு மேலிடத்து உத்தரவு பிறந்தது. அவர் பெல்ஜியம் சென்று, களத்தின் நடுவிலுள்ள லா ஹே சாந்த் என்னும் பண்ணைவீட்டில் எட்டுத் திங்கள் தங்கி மேடு பள்ளங்களை அளந்தார். பின்னர், உயிரோடிருந்த அதிகாரிகளுக்குச் சுற்றுக்கடிதம் விடுத்தார். மாலை ஏழு மணியளவில் உமது படை எங்கே நின்றது, எதிரே பகைவர் எவ்வாறு அணிவகுத்திருந்தனர், வயலில் என்ன பயிர் இருந்தது என்றெல்லாம் வினவினார். பயிரையுங் கேட்ட அப்பொறுமையை என்னென்பது! பதில்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன.

1833-ல் சர்க்கார் பணத்தை நிறுத்திவிட்டது. சைபோர்ன் நிறுத்தவில்லை. சொந்தப் பணமும் கடன் வாங்கிய பணமுமாக ஏறக்குறைய 3,000 பவுன் செலவாயிற்று. 1838-ல் சுமார் 75,000 ஈயச் சிப்பாய்கள் நிற்கும் அக்களம் லண்டன் எகிப்தியன் ஹாலில் காட்சிக்கு வைக்கப்பட்டது. தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். ஏறக்குறைய இலட்சம் பேர் கண்டனர் என்பர். ஆயினும் அவர் கடன் தீரவில்லை.

தொல்லை வேறிடத்திலிருந்து வந்தது. தமக்கு வந்த கடிதங்களை நம்பி, துணைக்கு வந்த பிரஷ்யச் சேனையை அவர் பெருந்திரளாகக் களத்தில் நிறுத்தியிருந்தார். அங்ஙனமாயின் வெற்றியிற் பெரும்பங்கு பிரஷ்யருக்குப் போய்விடுமே! வெல்லிங்டன் பிரபுவின் பக்கத்தார் இதை ஒப்பவில்லை. முடிவில் சைபோர்ன் தம் கையாலேயே பிரஷ்யப் பொம்மைகள் பலவற்றை எடுத்துவிட்டார். தோட்டத்துக் கிராணிகளாகிய நமக்கு இது விளங்காததன்று. செக்ரோலிற் பெயர் விழாதவன், விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியிருந்தாலும், அன்று வேலைக்கு வராதவனே.

இதன்பின் அவர் மற்றோர் உரு அமைத்தார். அது 1844-ல் காட்சிக்கு வந்தது. இன்று லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் காட்சிசாலையில் இருக்கிறது. நம் கருத்தில் முன்னதினும் இதுவே சிறந்தது. பொம்மைகள் பெரியவை, காட்டும் காட்சியும் ஒன்றே. பிற்பகலில் பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை மேட்டிலிருந்து இறங்கி, டெர்லோன் என்னும் பிரெஞ்சுத் தளபதியின் காலாட்படைமீது பாயும் கணம் அது. அப்பாய்ச்சலில் இரண்டு கழுகுக்கொடிகள் பறிக்கப்பட்டன. அதன்பின் குதிரைவீரர் கடிவாளம் இழுக்க மறந்து, பகைவரின் பீரங்கி வரிசைவரை ஓடினர். குதிரைகள் களைத்திருந்தன, பிரெஞ்சு ஈட்டிப்படை வந்து அவர்களைக் குத்தி வீழ்த்திற்று, ஒரு படைப்பிரிவின் தலைவரான பான்சன்பியும் மாண்டார். ஈயக் குதிரைகளோ இன்னும் வெற்றியை நோக்கியே பாய்ந்துகொண்டிருக்கின்றன. ஈட்டிக்காரர் வந்து சேரவேயில்லை.

அவ்விரு கொடிகளுள் ஒன்று 105-ஆம் பிரெஞ்சுப் படையினுடையது. அதைத் தாங்கியவனை வாளாற் குத்தியவன் தானே என்றார் காப்டன் கிளார்க். கொடியைக் களத்திலிருந்து கொண்டுபோனவர் கார்ப்பரல் ஸ்டைல்ஸ். பெருமை யாருக்கு என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. சைபோர்ன் 1849-ல் காலமானார். அவருக்கு வந்த கடிதங்களில் ஒரு பகுதியை அவர் மகன் 1891-ல் அச்சிட்டார். கிளார்க் எழுதியது அதில் இருக்கிறது. ஸ்டைல்ஸ் எழுதியது இல்லை. சுற்றுக்கடிதம் புறப்படுமுன்னரே, 1828-ல், அவர் இறந்துபோனார்.