கனடியக் காற்பந்தில் அணி இருக்கைகளின் அமைவிடம்

கனடியக் காற்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் உதைத்தும் ஆடப்படும் விளையாட்டு ஆகும். அமெரிக்கக் காற்பந்து இதற்கு நெருங்கிய உறவுடையது. இதில் மாற்று ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களும் பக்கக் கோட்டுக்கு வெளியே உள்ள அணி இருக்கைப் பகுதியில் இருப்பர். இப்பகுதியின் அமைவிடம் நெடுங்காலமாக அரங்குக்கு அரங்கு வேறுபட்டது. சில அரங்குகளில் இரு அணிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தன. சிலவற்றில் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இருந்தன.

வரலாறு

இவ்விளையாட்டு ரக்பியிலிருந்து தோன்றியது. 1903இல் ஒன்ராறியோ ரக்பி காற்பந்து ஒன்றியம் ஏற்றுக்கொண்ட பர்ன்சைடு விதிகள், களத்தில் ஆடுவோரை அணிக்கு 12 பேராகக் குறைத்தன. பிற்காலத்தில் தாக்குதல், தடுப்பு, உதை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குழுக்கள் உருவாயின. இதனால் ஆட்டத்தின் இடைவெளிகளில் வீரர்கள் இருக்கைக்கும் களத்துக்கும் இடையே ஓட வேண்டியதாயிற்று. இருக்கையின் இடமும் முக்கியத்துவம் பெற்றது.

நியாயச் சிக்கல்

மரபான களம் 110 கெஜம் நீளமும் 65 கெஜம் அகலமும் கொண்டது. இருக்கைகள் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒவ்வோர் அணிக்கும் பக்கக் கோட்டின் ஒரு பாதியே கிடைக்கும். பந்து களத்தின் ஒரு முனையில் இருக்கும்போது அம்முனைக்கு அருகிலுள்ள அணி விரைவில் ஆள் மாற்றலாம். மற்ற அணியின் வீரர்கள் நெடுந்தூரம் ஓட வேண்டும். எதிரெதிர்ப் பக்கங்களில், களத்தின் நடுப்பகுதியை ஒட்டி அமைந்தால் தூரம் இரு அணிகளுக்கும் ஏறத்தாழச் சமமாகும்.

ஆள் மாற்றத்தில் நேரும் பிழை எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு 2009ஆம் ஆண்டின் கிரே கோப்பை இறுதிப் போட்டி சான்றாகும். கல்கரியில் நடந்த அப்போட்டியில் சஸ்காச்சுவான் ரஃப்ரைடர்ஸ் 27–25 என முன்னிலையில் இருந்தது. கடைசி நொடியில் மொன்றியால் அலுவெட்ஸ் அணியின் டேமன் டுவால் 43 கெஜத்திலிருந்து உதைத்த பந்து இலக்குத் தவறியது. ஆனால் சஸ்காச்சுவான் அணியில் 13 பேர் களத்தில் நின்றதால் தண்டம் விதிக்கப்பட்டது. 33 கெஜத்திலிருந்து மீண்டும் உதைத்த டுவால் வெற்றி பெற்றார். மொன்றியால் 28–27 எனக் கோப்பையை வென்றது.

புதிய விதி

2026 பருவம் முதல் எல்லா அரங்குகளிலும் அணி இருக்கைகள் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைய வேண்டும் எனக் கனடியக் காற்பந்துக் கூட்டிணைவு 2025 செப்டம்பரில் அறிவித்தது. நடுவரின் சைகைக்குப் பின் தொடங்கும் 20 நொடிக் கணக்குக்குப் பதிலாக, முந்தைய ஆட்டம் முடிந்தவுடன் தானாக ஓடும் 35 நொடிக் கடிகாரமும் அப்போதே அறிவிக்கப்பட்டது. ஆட்டம் முடிந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குவதால், இருக்கையிலிருந்து களத்துக்கு உள்ள தூரம் இரு அணிகளுக்கும் ஒத்திருப்பது இன்றியமையாததாகிறது.