பர்மா தேக்கும் ஒட்டு டேப்பும் – ஒரு குட்டி வரலாறு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடி போகிறவர்கள் திருமயம் கோட்டையைப் பார்த்துவிட்டு நேராகப் போய்விடுவார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே கடியாபட்டி, ராயவரம், கோனாபட்டு, விராச்சிலை, நச்சாந்துபட்டி என்று நகரத்தார் ஊர்கள் இருக்கின்றன. செட்டிநாடு என்றதும் எல்லோரும் சிவகங்கை மாவட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பகுதி நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது.

இந்த ஊர்களில் சுமார் 1850 முதல் 1940கள் வரை கட்டிய வீடுகளின் வாசல் நிலையைப் பாருங்கள். யானை, யாளி, கிளி, கொடி, தாமரை... எல்லாம் பர்மா தேக்கு. அது உளி வேலை. அதோடு சேர்த்து ஒரு கேள்வியும் வருகிறது. வரைந்த கோடு, வேலை முடியும் வரை மரத்தின் மேல் நகராமல் நிற்பது எப்படி?

உளி வேலையில் கோடு அழிந்தால் திரும்ப வரையலாம். ஆனால் பலகையை ஊடுருவி அறுத்துப் பூ வேலை செய்யும் ரம்பத்தில் (ஃபிரெட் ஸா, இப்போது மின்சாரத்தில் ஓடும் ஸ்க்ரோல் ஸா) அந்தச் சலுகை கிடையாது. கோடு விலகினால் பலகை போச்சு. இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த விடை ஒரு சாதாரண டேப். அது வந்த கதை சுவாரசியமானது.

டேப்புக்கு முன்னால்

பிரான்சில் 14ஆம் லூயி மன்னரின் அரண்மனைக்கு மேசை, அலமாரி செய்தவர் ஆந்த்ரே ஷார்ல் பூல் (1642–1732). பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டுத் தகட்டையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, இரண்டையும் ஒரே தடவையில் அறுக்கும் முறைக்கு இன்றும் அவர் பெயர்தான். பித்தளைப் பூவை ஓட்டின் குழியில் பதித்தால் ஒரு மேசை. ஓட்டுப் பூவைப் பித்தளைக் குழியில் பதித்தால் இன்னொரு மேசை. ஒரே கூலியில் இரண்டு சரக்கு, கழிவு கிட்டத்தட்ட இல்லை!

அடுக்கு நகராமல் இருக்கவும் படம் ஒட்டவும் அந்தக் காலத்தில் இருந்தது பசையும் காகிதமும்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் காலால் மிதிக்கும் ரம்ப மெஷின் வந்ததும், வீட்டில் பொழுதுபோக்காகப் பூ வேலை செய்வது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய மோகமாகப் பரவியது. இங்கிலாந்தின் 'ஹாபீஸ்' வார இதழ் 1895ல் தொடங்கியது. அது வாசகர்களுக்குப் படத்தாள்களையும் தந்தது. தாளைப் பசை தடவிப் பலகையில் ஒட்டி, கோட்டின் மேலேயே அறுக்க வேண்டியதுதான்.

வேலை முடிந்த பிறகுதான் தலைவலி. ஒட்டிய தாளைத் தண்ணீர் போட்டு ஊறவைத்தால் மரத்தின் நார் எழும்பும். சுரண்டினால் மெல்லிய கொடி முறியும். தேய்த்தால் கூர்மையான ஓரம் மழுங்கும். நம்ம ஊர் ஆசாரிகளும் மாட்டுத்தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தை நம்பித்தான் இருந்தார்கள். ஃபெவிகால் வந்தது 1959ல். இரண்டு மரத்தைச் சேர்க்க இரண்டும் நல்லது. ஆனால் படத்தாளுக்குத் தேவை வேறு வகைப் பசை: வேலை முடியும் வரை விடக்கூடாது, முடிந்ததும் பேசாமல் விட்டுவிட வேண்டும்.

உப்புத்தாள் கம்பெனி தந்த விடை

அப்படி ஒரு பசை மர வேலைக்காகப் பிறக்கவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் இருக்கும் 3எம் கம்பெனி அப்போது முக்கியமாக உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்தது. 1921ல் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரிச்சர்ட் ட்ரூ, உப்புத்தாள் மாதிரிகளை கார் பெயின்ட் அடிக்கும் பட்டறைகளுக்குக் கொண்டு போவார். அப்போது இரண்டு வண்ணக் கார்கள் ஃபேஷன். ஒரு வண்ணத்தை மறைக்கக் காகிதம் ஒட்டினால், உரிக்கும்போது புதுப் பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். பெயின்டர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

அதைக் கேட்டு ட்ரூ ஆராய்ச்சியில் இறங்கினார். மேலதிகாரி நிறுத்தச் சொல்லியும் விடவில்லை. 1925ல் மாஸ்கிங் டேப் பிறந்தது. 1930ல் அவரே ஒளி ஊடுருவும் செலோஃபேன் டேப்பையும் கொண்டு வந்தார். இங்கிலாந்தில் 1937ல் செல்லோடேப் வந்தது. இந்தியாவில் எந்தக் கம்பெனி டேப்பாக இருந்தாலும் நாம் 'செல்லோ டேப்' என்றே சொல்கிறோம், இல்லையா?

ஒரே பொருளாதார மந்தம், இரண்டு கதை

1930 என்ற வருடத்தைக் கவனியுங்கள். உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். அமெரிக்காவில் புதிது வாங்கப் பணம் இல்லாதவர்கள் கிழிந்த புத்தகம் முதல் உடைந்த பொம்மை வரை டேப் போட்டு ஒட்டினார்கள். மந்தத்திலும் டேப் விற்றது.

அதே மந்தம் பர்மாவில் வேறு மாதிரி வேலை செய்தது. நெல் விலை சரிந்தது. நகரத்தாரிடம் கடன் வாங்கிய விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1937ல் அது 25 சதவீதம் ஆனது. கேட்க லாபம் போலத் தெரியும். உண்மையில் அது வராக்கடன். ரொக்கம் போய் நிலம் வந்தது. அந்த நிலத்தை ஊருக்குக் கொண்டு வர முடியாது. நிலம் இழந்த பர்மா விவசாயிகளின் கோபமும் கூடவே வளர்ந்தது.

1942ல் ஜப்பான் படை வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிர் தப்பி நடந்தே வந்தார்கள். 1962ல் ராணுவ ஆட்சி வந்தபின் மிச்சமிருந்ததும் போனது. பெரிய வீடுகள் பராமரிப்பில்லாமல் பூட்டிக் கிடந்தன. சில பிரித்து விற்கப்பட்டன. அந்த நிலைகளும் தூண்களும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து அங்கிருந்து எங்கெங்கோ போயின. யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம் பெற்றது 2014ல்தான். அதே 2014 ஏப்ரலில் மியான்மர் முழு மரமாக ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது.

ரம்பத்தின் கீழே

சரி, டேப் எங்கே வருகிறது? பழைய வீட்டு உத்தரத்திலிருந்து கிடைத்த ஒரு துண்டு பர்மா தேக்கில், உடைந்துபோன பூ வேலைக்கு மாற்றுச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கெட்டுப்போனால் அதே மாதிரித் துண்டு இன்னொன்று கிடைக்காது.

செய்யும் முறை இதுதான். முதலில் பலகை முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். அதன் மேல் பசையால் படத்தாள். அதற்கும் மேல் பார்சல் ஒட்டும் பளபளப்பான டேப். பிறகு அறுக்கலாம்.

பலன் மூன்று. முதலாவது, பசை மரத்தைத் தொடுவதே இல்லை. வேலை முடிந்ததும் தாளும் டேப்பும் ஒன்றாக உரிந்து வரும். இரண்டாவது, ரம்பம் ஏறி இறங்கும்போது ஓர நார் பிய்ந்து போகாமல் டேப் பிடித்துக்கொள்ளும். இதற்காக அடிப்பக்கமும் ஒட்டுவது உண்டு. மூன்றாவது, மரம் கருகுவது குறையும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் ரம்பம் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய ரம்பம் சூடாகி வெட்டு முகத்தைக் கருக்கும். டேப் அங்கே கொஞ்சம் வழுக்கலைத் தருகிறது. சுருளிலிருந்து எளிதாகப் பிரிவதற்காக டேப்பின் முதுகில் பூசும் பூச்சுதான் காரணம் என்று ஒரு கட்சி, பசையே காரணம் என்று இன்னொரு கட்சி. காரணத்தில் சண்டை இருந்தாலும் பலனில் சண்டை இல்லை!

ஒரே மாதிரி நான்கு துண்டு வேண்டுமானால், மெல்லிய பலகைகளை அடுக்கிச் சுற்றிலும் டேப் போட்டு ஒரே தடவையில் அறுக்கலாம். பூல் செய்த அதே வேலை, காய்ச்சிய பசை இல்லாமல்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அளவெடுப்பதற்காகப் பழைய நிலையின் மேல் டேப் ஒட்டக்கூடாது. நூறு வருட பாலிஷ் அதோடு உரிந்து வரும். பழைய வேலையின் மேல் தாளைக் கையால் பிடித்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதே பாதுகாப்பு.

கடியாபட்டியில் ஒரு வீட்டின் நிலையைச் செதுக்கிய ஆசாரியின் பெயர் அந்த நிலையில் இருக்காது. அவர் போட்ட கோடு மட்டும் இருக்கிறது. வீட்டைப் பிரித்து விற்றால் அதுவும் ஊரை விட்டுப் போய்விடும். அதற்கு முன் ஒரு தாளில் அந்தக் கோட்டைப் பிரதி எடுத்து வைத்தால், மரம் போனாலும் வேலை போகாது. அதற்கு ஆகும் செலவு ஒரு தாள், ஒரு பென்சில். திரும்ப மரத்தில் அறுக்க ஒரு சுருள் டேப்.