சொறிந்து புண்ணாகும் பூனை: காரணம் காணும் வரிசை

1. சிக்கல்

தெருவிலிருந்து எடுத்துவந்த பூனை சில நாளில் சாப்பாட்டுக்குப் பழகி, மடியிலும் வந்து படுத்துவிடுகிறது. ஆனால் கழுத்தையும் காதோரத்தையும் பின்னங்காலால் விடாமல் பிறாண்டிப் புண்ணாக்கிக்கொள்கிறது. "பயந்துபோயிருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்று வளர்ப்பவர்கள் தங்களைத் தேற்றிக்கொள்கிறார்கள். இந்தத் தேற்றலே சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறது. மனக்கலக்கத்தால் முடியை நக்கி உதிர்ப்பவை என்று கருதப்பட்ட 21 பூனைகளை முழுமையாகப் பரிசோதித்த ஆய்வொன்று 2006இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. அவற்றில் 16 பூனைகளுக்கு உடல்நோயே காரணம். மூன்றில் உடலும் மனமும் கலந்திருந்தன. மனம் மட்டுமே காரணமென்று நின்றவை இரண்டுதான். எனவே தேடலைத் தோலில் தொடங்குவதே முறை.

2. தெள்ளுப்பூச்சி

முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். சில பூனைகளுக்குத் தெள்ளின் எச்சில் ஒவ்வாது. ஓரிரு கடியே உடம்பெல்லாம் அரிப்பெடுக்கப் போதும். வால் அடியிலும் முதுகிலும் கழுத்திலும் தடவினால் கம்பு மணிபோலச் சிறு பொருக்குகள் விரலில் நெருடும். "பூச்சி ஒன்றும் கண்ணில் படவில்லையே" என்பது மறுப்பாகாது. பூனை நக்கும்போதே பூச்சியையும் விழுங்கிவிடுகிறது.

பேன் சீப்பால் வால் அடியை வாரி, சீப்பில் சிக்கும் கருந்துகள்களை ஈரமான வெள்ளைப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கறை பரவினால் அது அழுக்கல்ல. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம்.

பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டைவரை இடும். அவை பூனையின் உடலில் ஒட்டாமல் பாயிலும் மெத்தையிலும் தரையிடுக்கிலும் உதிர்கின்றன. கூட்டுப்புழுவோ மாதக்கணக்கில் காத்திருக்க வல்லது. சென்னை போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊரில் இதற்கு ஓய்வான பருவமே இல்லை. ஆகவே அரிக்கும் பூனைக்கு மட்டும் மருந்திட்டுப் பயனில்லை. வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் குறைந்தது மூன்று மாதம் தவறாமல் மருந்திட வேண்டும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும்.

3. சொறியும் படர்தாமரையும்

காது மடலின் ஓரம் தடித்து, சாம்பல் நிறப் பொருக்கு முகத்துக்கும் முன்னங்காலுக்கும் பரவினால் அது நோட்டோட்ரிஸ் என்னும் நுண்ணிய உண்ணியால் வரும் சொறி. தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். செலாமெக்டின் போன்ற மருந்துக்குக் கட்டுப்படும். தூக்கிக் கொஞ்சுபவருக்கும் தற்காலிகமாக அரிப்பு வரலாம். காதுக்குள் கரிய உதிரி மெழுகு நிறைந்திருந்தால் காதுப்பூச்சியைச் சந்தேகிக்கலாம்.

பூஞ்சையால் வரும் படர்தாமரையும் மனிதருக்குத் தொற்றும். அது இல்லையென்று உறுதிசெய்யாமல் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அரிப்பு அடங்கியதுபோலத் தோன்றும்; பூஞ்சையோ பரவும்.

4. கைமருந்தும் நாய் மருந்தும்

இந்தப் பகுதியை வளர்ப்பவர்கள் அவசியம் நினைவில் வைக்க வேண்டும். மனிதரும் நாயும் எளிதில் முறித்து வெளியேற்றும் பல வேதிப்பொருள்களைப் பூனையின் கல்லீரலால் அவ்வாறு வெளியேற்ற முடியாது. பூசியதையெல்லாம் அது நக்கவும் செய்யும். பெர்மெத்ரின் கலந்த, நாயின் பிடரியில் விடும் சொட்டுமருந்து பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரவழைத்து உயிரையே பறிக்கலாம். சிரங்குக்கு நாம் பூசும் பென்சைல் பென்சோயேட், கற்பூரம் கலந்த எண்ணெய், டெட்டால், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. வலிக்கிறதே என்று பாரசிட்டமால் கொடுப்பது கொலைக்குச் சமம்.

காரணம் புலப்படும்வரை கழுத்தில் கூம்புப் பட்டை மாட்டி, நகநுனியை வெட்டி, புண்ணை சலைன் நீரால் துடைத்தால் போதும். சீழோ நாற்றமோ இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

5. உணவு, பிறகு மனம்

பூச்சியும் பூஞ்சையும் இல்லையென்றான பின்னும் முகமும் கழுத்தும் அரித்தால் உணவைப் பார்க்க வேண்டும். பூனைகளுக்கு அதிகம் ஒவ்வாதவற்றில் மாட்டிறைச்சி, மீன், கோழி மூன்றும் அடங்கும். மீட்ட பூனை முன்பு என்னென்ன தின்றது என்று யாருக்கும் தெரியாததால், புரதம் சிதைத்துத் தயாரித்த மருத்துவ உணவே பாதுகாப்பான தேர்வு. அதை மட்டும் எட்டு வாரம் கொடுக்க வேண்டும். நடுவில் பக்கத்து வீட்டார் போடும் ஒரு கருவாட்டுத் துண்டும் சோதனையைக் கெடுத்துவிடும்.

இதிலும் விடை கிடைக்காதபோதுதான் மனக்கலக்கம் என்ற முடிவுக்கு இடமுண்டு.

பூனையை மீட்டுத் தத்துக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த மருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பூனையோடு கொடுத்தனுப்புங்கள்.