உறக்க நோயும் உடலின் கடிகாரமும்

1900-க்கும் 1920-க்கும் இடையே உகாண்டாவின் விக்டோரியா ஏரிக்கரையில் உறக்க நோய்க்கு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர். 1902-இல் எண்டெபி சென்ற மருத்துவர் காஸ்டெல்லானி, நோயாளிகளின் தண்டுவட நீரில் டிரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணியைக் கண்டார். அதைப் பரப்புவது ட்செட்சி ஈ என்று 1903-இல் டேவிட் புரூஸ் காட்டினார்.

ஆனால் உறக்கம் ஏன்? 1990-களில் நோயாளிகளை 24 மணி நேரமும் ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அவர்கள் அதிக நேரம் உறங்கவில்லை; உறக்கம் பகலிலும் இரவிலும் துண்டுதுண்டாகச் சிதறியிருந்தது. அதிகாலையில் உயர்ந்து இரவில் தாழவேண்டிய கார்ட்டிசால் ஹார்மோனும், நோய் முற்றியவர்களிடம் அந்த ஒழுங்கை இழந்திருந்தது. மூளையிலுள்ள உடற்கடிகாரத்தின் கட்டுப்பாடு குலைந்ததே காரணம். கவனிக்காவிட்டால் முடிவு மரணம். உரிய மருந்து கொடுத்தால் உறக்கம் மீண்டும் சீராகிறது. கடிகாரம் தடுமாறியதே தவிர, உடைந்துவிடவில்லை!