தன்னோ புதுங்கே: அந்த மெட்டு யாருடையது?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

2016 பெப்ரவரி 4, சுதந்திர தினம். அன்று காலிமுகத்திடலில் இரண்டு விடயங்கள் நடந்தன. பல தசாப்தங்களுக்குப் பிறகு அரச விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. அதே நாள், கிஷானி ஜயசிங்க என்ற பாடகி ‘தன்னோ புதுங்கே’ என்ற புகழ்பெற்ற சிங்களப் பாடலை ஒபெரா முறையில் பாடினார். கொழும்பில் படித்து, லண்டன் ரோயல் ஒபெரா ஹவுஸின் இளங்கலைஞர் திட்டம் வரை போனவர் அவர்.

இரண்டுக்குமே எதிர்ப்பு வந்தது. தமிழில் கீதம் பாடினால் நாடு பிரிந்துவிடும் என்றார்கள் சிலர். பௌத்தப் பாடலை மேற்கத்திய முறையில் பாடிக் கெடுத்துவிட்டார் என்றார்கள் வேறு சிலர். ஒரு தனியார் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவரை ஏளனம் செய்தார்கள். கண்டனம் கிளம்பியதும் அந்த நிலையம் மன்னிப்புக் கேட்டது. பேஸ்புக்கில் வாரக்கணக்கில் சண்டை.

இரண்டு எதிர்ப்புக்கும் அடியில் இருந்தது ஒரே எண்ணம்தான். இது எங்களுடையது, தூய்மையானது, வேறு யாருடைய கையும் படக்கூடாது என்ற எண்ணம். சரி, அந்தப் பாடலின் வரலாற்றையே கொஞ்சம் பார்ப்போம்.

‘தன்னோ புதுங்கே’ 1903 இல் மேடையேறிய ‘சிறிசங்கபோ’ என்ற நாடகத்தின் பாட்டு. எழுதியவர் ஜோன் டி சில்வா என்ற சட்டத்தரணி. மூன்று பேர் அனுராதபுரத்தை நெருங்கி வரும்போது அந்தப் புண்ணிய நகரைப் பார்த்துப் பாடுவதாக வரும் காட்சி. ஜோன் டி சில்வா சாதாரண ஆள் இல்லை. மேற்கத்திய மோகம் பிடித்த சிங்களவர்களைக் கேலி செய்வதற்கென்றே 1902 இல் ‘சிங்கள பராபவ நாடகய’ எழுதியவர். தேசியவாதி.

ஆனால் மெட்டு? அதைப் போட்டவர் விஸ்வநாத் லவ்ஜி. இந்தியாவிலிருந்து டி சில்வா வரவழைத்த இசைக்கலைஞர். அவருக்குச் சிங்களம் தெரியாது. காட்சியின் உணர்ச்சியையும் வரிகளின் பொருளையும் விளக்கிச் சொல்ல, அதற்கேற்ப ஹிந்துஸ்தானி ராகங்களில் மெட்டமைத்தார்.

லவ்ஜியை மட்டும் அல்ல, இந்த நாடக வகையையே இங்கே கொண்டுவந்தவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் பம்பாயிலிருந்து பார்சி நாடகக் கம்பனிகள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்தன. திரைச்சீலை ஓவியங்கள், ஜிகினா உடைகள், ஹார்மோனியம், தபேலா, காட்சிக்குக் காட்சி பாட்டு. கொழும்பு அசந்துபோனது. சி. டொன் பஸ்தியன் 1877 இல் எழுதிய ‘ரொலினா’ தொடக்கம் சிங்களத்தில் ‘நூர்த்தி’ என்ற இசை நாடகம் வளர்ந்தது இந்தப் பாதையில்தான்.

அந்தப் பார்சிக் கம்பனிகளின் கையில் இருந்த பெரிய சரக்கு ‘இந்தர் சபா’. எழுதியவர் ஆகா ஹசன் அமானத். லக்னோவைச் சேர்ந்த உருதுக் கவிஞர், முஸ்லிம். நவாப் வாஜித் அலி ஷா காலத்தில், 1850களில் எழுதியது. கதை இந்திரனின் சபையில் நடக்கிறது, பாடுவது தேவகன்னிகைகள், மொழி உருது. உருது ஒபெரா என்றே இதைச் சொல்பவர்கள் உண்டு. 1932 இல் படமாக எடுத்தபோது அதில் ஏறக்குறைய 70 பாட்டுகள்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். முஸ்லிம் கவிஞர் எழுதிய இந்திரன் கதை, பார்சி முதலாளிகளின் கம்பனி, இந்தியரின் மெட்டு, சிங்களச் சட்டத்தரணியின் வரிகள். இவ்வளவும் சேர்ந்துதான் ‘தூய்மையான’ அந்தப் பாட்டு. ஒபெராக் குரலும் புதிதல்ல. மேற்கத்திய முறையில் பயின்ற ஹியூபர்ட் ராஜபக்ச என்ற பாடகர் கிஷானிக்குப் பல தசாப்தங்களுக்கு முன்பே அதே பாட்டைப் பாடியிருக்கிறார்.

நூர்த்திக்கு முன் சிங்களத்தில் இருந்த நாடகம் ‘நாடகம’. பெயரைப் பார்த்தாலே விளங்கும். தமிழ்க் கத்தோலிக்கரின் கூத்து மரபிலிருந்து போனது. 1956 இல் ‘சிங்களம் மட்டும்’ சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் பேராசிரியர் சரச்சந்திரவின் ‘மனமே’ மேடையேறியது. சிங்கள நாடகத்தின் சிகரம் என்று இன்றும் கொண்டாடப்படும் அது, தமிழ்க் கூத்தின் வழிவந்த அந்த ‘நாடகம’ வடிவத்தில்தான் கட்டப்பட்டது. பாராளுமன்றம் ஒரு கதவை மூடிய வருடத்தில் மேடை இன்னொரு கதவைத் திறந்து வைத்திருந்தது.

பாடியவர்களையும் பாருங்கள். ருக்மணி தேவியின் இயற்பெயர் டெய்சி டேனியல்ஸ். கொழும்புச் செட்டி குடும்பம், கிறிஸ்தவர், நம்ம வெள்ளவத்தையில் பள்ளி சென்றவர். பதின்ம வயதில் அவர் இசைத்தட்டுக்குப் பாடியது புத்தகயாவைப் பற்றிய பாட்டு. மொஹிதீன் பேக் சேலத்தில் பிறந்து சிறுவயதில் கொழும்புக்கு வந்த முஸ்லிம். இன்றும் வெசாக் காலத்தில் ஒலிபெருக்கிகளில் கேட்பது அவருடைய குரல்.

இதையெல்லாம் சொல்லி, அந்தக் காலத்தில் எல்லாரும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று முடிக்க எனக்கு விருப்பமில்லை. அது பொய். மருதானையில் டவர் ஹோல் 1911 டிசம்பரில் திறக்கப்பட்டது. நூர்த்தியின் தலைமையகமே அதுதான். நான்கு வருடம் கழித்து, 1915 இல், இதே கொழும்பில் நம்மவர்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஹிந்துஸ்தானி மெட்டுக்கு மேடையில் இடம் இருந்தது. தெருவில் கடை வைத்திருந்த மனிதனுக்கு இடம் இல்லாமல் போனது. கலை தானாக யாரையும் காப்பாற்றாது. யார் என்ன கொடுத்தார்கள் என்பதை யாராவது நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும்.

இதில் நம் பக்கமும் ஒரு குறை உண்டு. இசை மார்க்கத்தில் கூடுமா கூடாதா என்பதை ஆலிம்கள் பேசட்டும். நான் பேசுவது வரலாறு. அமானத்தையும், இசைத்தட்டுக் காலத்தில் மெட்டமைத்த கவுஸ் மாஸ்டரையும், பேக்கையும் நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால், ‘இந்த நாட்டுக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்’ என்று ஒருவன் கேட்கும்போது பிள்ளை முழிக்கும். ‘வியாபாரம் செய்தோம்’ என்பதோடு பதில் நின்றுவிடும்.

2020 சுதந்திர தினத்தில் கீதம் சிங்களத்தில் மட்டும் பாடப்பட்டது. ஆகவே இது பழங்கதை அல்ல. அடுத்த முறை யாராவது ‘எங்கள் தூய்மையான கலை’ என்று ஆரம்பித்தால் கோபப்பட வேண்டாம். ‘தன்னோ புதுங்கேக்கு மெட்டுப் போட்டது யார்?’ என்று மட்டும் கேளுங்கள். சிங்கள நண்பர்களிடமும் கேளுங்கள். பலர் ஆவலோடு கேட்பார்கள், என் அனுபவத்தில்.

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, மருதானை பக்கத்து மூத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாமார், அப்பாமார், தாத்தாமார் நாடகக் கொட்டகைகளில் பார்த்ததை, வாசித்ததைச் சொல்லியிருந்தால் கீழே எழுதுங்கள். வீட்டில் பழைய இசைத்தட்டு, நாடக நோட்டீஸ் இருந்தால் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். எங்கள் வரலாறு வகுப்புக்கு அவை பாடப்புத்தகத்தைவிடப் பெறுமதி.