பல்லைக் கடித்த நூற்றாண்டு

ஒரு நிமிஷம். இந்த வரியைப் படிக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? ஆமாம் என்றால், கொஞ்சம் விலக்குங்கள். மெல்லும்போது, விழுங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் இரண்டு வரிசைக்கும் நடுவே ரெண்டு, மூணு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மூடியிருக்க வேண்டியது உதடு; பல் அல்ல.

ஆனால், மனசில் கவலை புகுந்துவிட்டால் நம்மில் பலருக்குத் தாடை பூட்டிக்கொள்கிறது. 'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோ' என்று பெரியவர்கள் சொன்னதைக் கன்னத்துத் தசை அப்படியே கேட்டுக்கொண்டது போல! விளைவு, தாடையில் வலி, நெற்றிப்பொட்டில் பாரம், காதுக்குள் குத்தல்.

இந்த வலிக்கு மருத்துவ உலகம் வைத்தியம் தேடிய கதை பெரிய கூத்து. நடுவே கண்ணீரும் உண்டு.

1901-ல் வியன்னாவின் பல் மருத்துவர் கரோலி, பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் ஈறுகளைக் கெடுக்கிறது என்று எழுதினார். 1907-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவர் அதற்கு ஒரு கிரேக்கச் சொல்லை வைத்துப் பெயர் சூட்டினார்கள். அதுதான் பிற்பாடு 'ப்ரக்ஸிஸம்' ஆனது.

1934-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஜேம்ஸ் காஸ்டென் ஒரு கட்டுரை வெளியிட்டார். கையிலிருந்தது வெறும் 11 நோயாளிகள். 'கடைவாய்ப் பற்கள் போனதால் தாடை அளவுக்கு மீறி மூடுகிறது, மூட்டு நகர்ந்து நரம்பை அழுத்துகிறது' என்றார். உடற்கூற்றியல் நிபுணர்கள் பிறகு இதை மறுத்தார்கள். ஆனாலும், 'கோளாறு பல்லின் பொருத்தத்தில்தான்' என்ற எண்ணம் ஊன்றிவிட்டது. சரியாக மூடாத கதவைத் தச்சர் இழைப்பதுபோல, நல்ல பல்லையெல்லாம் ராவித் தள்ளினார்கள்.

1976-ல் சிகாகோவில் டேனியல் லாஸ்கின் குழு ஒரு வேலை செய்தது. தாடை வலிக்காரர்கள் 25 பேரை உட்காரவைத்துப் பல்லை ராவுவதுபோல் பாவனை மட்டும் காட்டினார்கள். பல் ஒரு துளிகூடக் குறையவில்லை. 25-ல் 16 பேர், வலி முழுசாக அல்லது ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது என்றார்கள்!

அப்படியானால் வலி பொய்யா? இல்லவே இல்லை. வலி நிஜம். அது பல்லின் மேடு பள்ளத்தில் இல்லை என்பதுதான் சேதி. மன அழுத்தத்தால் ஓயாமல் இறுகிக் களைத்துப்போன தசைதான் பெரும்பாலும் காரணம் என்று 1969-லேயே லாஸ்கின் எழுதியிருந்தார்.

யார் கேட்டார்கள்? 1980-களில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடுகளை ஆயிரக்கணக்கானோரின் தாடை மூட்டில் வைத்துத் தைத்தார்கள். பலருக்கு அவை துகள் துகளாகி, சுற்றியிருந்த எலும்பையே அரித்தன. வலி தீர வந்தவர்கள், வாயைத் திறக்கவே தவித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் தகடுகள் திரும்பப் பெறப்பட்டன. 1996-ல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, 'திரும்பச் சரிசெய்ய முடியாத எதையும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள், எளிய வழிகளை முதலில் பாருங்கள்' என்றது.

எளிய வழி எப்போதோ தயார்! எட்மண்ட் ஜேக்கப்ஸன் 1908-ல் ஹார்வர்டில் ஆராய்ச்சி தொடங்கி, 1929-ல் புத்தகமாகவே போட்டிருந்தார். இறுக்கத்தை முதலில் உணர், பிறகு விடு. இவ்வளவுதான். காஸ்டென் கட்டுரை வந்த அதே 1934-ல், பொதுமக்களுக்கும் ஒரு புத்தகம் எழுதினார்.

நீங்களும் செய்யலாம். பல்லை மெதுவாகச் சேர்த்து, கன்னத் தசை புடைப்பதை விரலால் தொட்டுப் பாருங்கள். மூச்சை விட்டபடி தளர்த்துங்கள். 'ன்' என்று சொல்லும்போது நாக்கு நுனி தொடுகிற இடத்திலேயே அதை நிறுத்துங்கள். பல் தானாக விலகும்.

தூக்கத்தில் கடிப்பது வேறு கணக்கு. அது மூளையின் தூக்க இயக்கத்தோடு சேர்ந்தது. அதற்குப் பல் மருத்துவர் தரும் 'நைட் கார்டு' பல்லைத் தேயாமல் காக்கும், கவலையைக் கரைக்காது. வாய் திறக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ வலி வாரக்கணக்கில் நீடித்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

மற்றபடி, டிராஃபிக் சிக்னலில் சிவப்பு விழும்போதெல்லாம் ஒருமுறை பல்லைச் சோதியுங்கள். நம் ஊரில் சிவப்பு விளக்குக்கா பஞ்சம்?