இராணி பர்வதவர்த்தினி நாச்சியார்: ஒரு கைம்பெண்ணின் நோக்கமும் ஒரு தீர்ப்பும்

இராமநாதபுரத்திலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 18 கிலோமீட்டர் தொலைவில் உத்தரகோசமங்கை அமைந்துள்ளது. கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் சென்று வரும் நம் குடும்பத்தார் பலர் அவ்வூரின் பெயர்ப்பலகையைப் பார்த்தவாறே கடந்து போயிருப்பர். மரகத நடராசர் திருமேனிக்கும் மாணிக்கவாசகரின் தொடர்புக்கும் புகழ்பெற்ற மங்களநாதர் கோயில் அங்கே இருக்கிறது. அக்கோயில் இராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானத்தைச் சார்ந்தது. கோயில் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த வயல்கள், கண்மாய்கள், கடலோரக் குப்பங்கள், நம் முன்னோர் வாழ்ந்த துறைமுகப் பட்டினங்கள் ஆகிய அனைத்துமே ஒரு காலத்தில் சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தவை. வள்ளல் சீதக்காதிக்கும் கிழவன் சேதுபதிக்கும் இடையே நிலவிய நட்பை நாம் பெருமையோடு பேசிக்கொள்கிறோம். ஆயினும் அச் சேதுபதிகளின் வரிசை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அடியோடு அற்றுப்போகவிருந்தது என்பதையும், அதனைக் காத்து நிறுத்தியவர் ஒரு விதவைப் பெண்மணி என்பதையும் நம்மில் அறிந்தோர் சிலரே. அவர்தாம் இராமசாமி சேதுபதியின் மனைவி, இராணி பர்வதவர்த்தினி நாச்சியார்.

அவரைப் பற்றிப் பேசுவோர் இருவகையினர். ஒரு சாரார் அவரைக் குலம் காத்த தெய்வமாகப் போற்றுவர். மறு சாரார், பதவி ஆசையால் ஒரு சிறுவனைத் தத்தெடுத்து அவன் பெயரில் ஆண்டவர் என்பர். இவ்விரு கூற்றுகளுள் எதற்குச் சான்று உண்டு? ஒரு பெரிய மனிதரின் மனைவியாக இருந்தவரின் உள்நோக்கத்தை நாம் எந்த அளவுக்கு ஆராயலாம்? இவ்வினாக்களை ஒட்டியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

சனது பெற்ற முதற் பெண்மணி

கதையைச் சற்று முன்னிருந்து தொடங்குவது நலம். 1795ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் முத்துராமலிங்க சேதுபதியை அரசுக் கட்டிலினின்றும் நீக்கிச் சிறைப்படுத்தினர். அவர் 1809இல் சென்னையில் சிறைவாசியாகவே காலமானார். இதற்கிடையில், 1803ஆம் ஆண்டு நிலையான நிலவரித் திட்டத்தின்படி இராமநாதபுரம் ஜமீனாக மாற்றப்பட்டது. அதற்குரிய சனதைப் பெற்றவர் அம்மன்னரின் தமக்கையாராகிய மங்களேசுவரி நாச்சியார். ஆக, இராமநாதபுரம் ஜமீனின் முதல் உரிமையாளரே ஒரு பெண். கம்பெனியார் அப்போது பெண் ஒருத்தியிடம் ஜமீனை ஒப்படைக்கத் தயங்கவில்லை. ஆனால், ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து அதே குடும்பத்தின் இன்னொரு பெண்மணி தம் உரிமையைச் செயற்படுத்த முற்பட்டபோது அவர்கள் தடை சொன்னார்கள். இம்மாற்றத்தின் காரணத்தை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

இராமசாமி சேதுபதி 1830இல் மறைந்தார். அவருக்கு ஆண்மகவு இல்லை. பெண்மக்கள் இருவரும் இளமையிலேயே மறைந்தனர். இராமேசுவரத்துக் கோயிலின் அம்மன் பெயரைத் தாங்கிய பர்வதவர்த்தினி நாச்சியார், கணவரையும் மக்களையும் இழந்து, பெரும் ஜமீனின் பொறுப்போடு தனித்து நின்றார். 1847ஆம் ஆண்டில் அவர் முத்துராமலிங்கம் என்னும் சிறுவனைச் சுவீகாரம் செய்துகொண்டார். கணவரின் சுற்றத்தாருடைய இசைவைப் பெற்றே இதனைச் செய்ததாக அவர் தரப்பில் கூறப்பட்டது.

அரசாங்கம் இதனை ஏற்க மறுத்தது. கணவனின் வெளிப்படையான அனுமதி இன்றி ஒரு விதவை செய்த சுவீகாரம் செல்லாது, எனவே இராணியின் காலத்துக்குப் பிறகு ஜமீன் வாரிசற்ற சொத்தாக அரசாங்கத்தைச் சேரும் என்பது அதிகாரிகளின் நிலை. ஜமீனில் உரிமை கோரிய உறவினர் வேறு சிலரும் வழக்கில் இறங்கினர். இவ்வாறு தொடங்கிய வழக்கு மாவட்ட நீதிமன்றத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் சென்றது. 1864இல் சென்னை உயர் நீதிமன்றம் சுவீகாரம் செல்லும் என்றது. 1868இல் பிரிவி கவுன்சிலும் அதனையே உறுதி செய்தது. சட்டக் கல்லூரி மாணவர்கள் 'இராமநாதபுரம் வழக்கு' என்று படிப்பது இதனையே.

காலத்தின் காற்று

இவ்வழக்கின் முழுப் பொருளை உணர அக்காலத்தின் காற்று எத்திசையில் வீசியது என்பதைக் காணவேண்டும். 1848இல் டல்ஹௌசி பிரபு தலைமை ஆளுநராக வந்தார். தத்துப் பிள்ளையை வாரிசாக ஏற்க மறுத்து, 1848இல் சதாராவும், 1854இல் ஜான்சியும் நாகபுரியும் கம்பெனி ஆட்சியுடன் இணைக்கப்பட்டன. ஜான்சி இராணி இலட்சுமிபாயும் கணவரை இழந்து, தத்துப் பிள்ளைக்காகப் போராடியவரே. நம் தமிழகத்தில் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்ததும் அரண்மனைச் சொத்துகள் கைப்பற்றப்பட்டன. அவருடைய மூத்த மனைவி காமாட்சி பாய் வழக்குத் தொடுத்தார். ஆனால் அரசாங்கம் செய்தது ஓர் அரசியற் செயல், அதனை நீதிமன்றம் விசாரிக்க இயலாது என்று 1859இல் பிரிவி கவுன்சில் கைவிரித்துவிட்டது.

தஞ்சை இராணி தோற்க, இராமநாதபுரத்து இராணி வென்றது எவ்வாறு? தஞ்சை ஓர் அரசாகக் கருதப்பட்டது. இராமநாதபுரமோ சனதின் கீழ் அமைந்த ஜமீன். கம்பெனி தானே வகுத்த சட்டத்துக்குள் அது அடங்கியிருந்தது. ஆகவே அங்கே படைபலத்தைக் காட்ட இயலவில்லை. சட்டத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. அரசு என்ற பெயர் 1803இல் பறிபோனதே 1868இல் குடும்பத்தைக் காத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

பிரிவி கவுன்சில் சொன்னது

இந்து சாத்திரங்களுள் வசிட்டரின் விதி ஒன்றே இவ்வழக்கின் மையம். கணவனின் அனுமதியின்றிப் பெண் மகவைக் கொடுக்கவோ ஏற்கவோ கூடாது என்பது அதன் கருத்து. இவ்விதிக்கு நாட்டின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு பொருள் கொண்டது. வங்காளத்தில் கணவன் உயிரோடிருக்கையில் அளித்த அனுமதி கட்டாயம். மகாராஷ்டிரத்தில் விதவைக்கு அத்தகைய தடை இல்லை. திராவிட நாட்டிலோ கணவனின் சுற்றத்தார் இசைந்தால் அதுவே போதும். ஏட்டில் எழுதிய விதியைவிடத் தெளிவாக நிறுவப்பட்ட நாட்டு வழக்கமே வலியது என்னும் கோட்பாட்டைப் பிரிவி கவுன்சில் இவ்வழக்கில்தான் அழுத்தமாக எடுத்துரைத்தது.

அத்துடன் ஒரு நிபந்தனையையும் அது சேர்த்தது. அந்த நிபந்தனையே நம் கட்டுரைக்கு உயிரானது. சுற்றத்தாரின் இசைவு எதற்காக? விதவை தன் சமயக் கடமையை நேர்மையான எண்ணத்துடன் நிறைவேற்றுகிறாள், மனம்போன போக்கிலோ தீய நோக்கத்தாலோ செய்யவில்லை என்பதைக் காட்டுவதற்காக. அதாவது, விதவை ஒருத்தியின் செயலை மட்டுமின்றி அவள் உள்ளத்தையும் நீதிமன்றம் நோக்கத் தொடங்கியது.

நோக்கத்தை அளந்து பார்த்தால்

நாமும் ஒருகணம் அந்த நிபந்தனையை ஏற்று இராணியின் நோக்கத்தை அளந்து பார்ப்போம். பதவி ஆசையால் தத்தெடுத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆனால் அக்காலச் சட்டம் என்ன சொல்லிற்று? ஆண்மகவின்றி மறைந்தவனின் விதவை அவன் சொத்தைத் தன் ஆயுட்காலம் முழுவதும் அனுபவிக்கலாம். விற்கவோ வாரி வழங்கவோதான் அவளுக்குக் கட்டுப்பாடு உண்டு. அவள் ஒரு மகனைத் தத்தெடுத்த மறுகணமே கணவனின் வாரிசு அம்மகன் ஆகிவிடுகிறான். விதவையின் உரிமை அவனிடம் சென்றுவிடுகிறது. அவன் சிறுவனாக இருக்கும்வரை அவள் பாதுகாவலர். வளர்ந்தபின் அவன் கையை எதிர்பார்க்கும் தாய்.

எனவே, இராணி தம் சுகத்தை மட்டும் கருதியிருந்தால் தத்தெடுக்காமல் இருப்பதே அவருக்கு இலாபம். அரசாங்கம் ஜமீனை எடுத்துக்கொள்வதாகச் சொன்னதும் அவர் காலத்துக்குப் பிறகுதான். அவர் ஆயுள்வரை ஆண்டுவிட்டுக் கண்மூடியிருக்கலாம். பின்னால் சேதுபதிகளின் பெயர் அழிந்தால் அவருக்கு இழப்பு என்ன? அப்படியிருந்தும் தம் உரிமையைச் சுருக்கிக்கொள்ளும் செயலையே அவர் தேர்ந்தெடுத்தார்; அதற்காகப் பல்லாண்டு வழக்கையும் சுமந்தார்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு என்பதை மறைக்க நாம் விரும்பவில்லை. சிறுவனின் பாதுகாவலராக இருப்பதும் அதிகாரமே. வாரிசு இல்லாத விதவையை மதியாத ஊழியரும் உறவினரும் வாரிசின் தாயை மதிப்பர். இதுவும் உண்மையே. ஆகவே கடமையும் தன்னலமும் கலந்தே அவர் உள்ளத்தில் இருந்திருக்கலாம். எந்த மனிதனின் உள்ளத்தில்தான் அவை கலவாமல் இருக்கின்றன? ஒரு தந்தை தன் மகனைப் படிக்க வைக்கும்போது மகனின் நலத்தோடு தன் முதுமையையும் எண்ணுகிறான். அதனால் அவனைத் தன்னலமி என்று யாரும் தூற்றுவதில்லை.

இன்னொரு வினாவையும் கேட்டாக வேண்டும். இராணியின் நோக்கத்தை விசாரித்தார்களே, அவரை எதிர்த்தவர்களின் நோக்கத்தை விசாரித்தவர் யார்? சுவீகாரம் செல்லாது என்றானால் முழு ஜமீனும் அரசாங்கத்துக்குக் கிடைக்கும். வழக்காடிய உறவினருக்கோ பங்கு கிடைக்கும். இலாபம் பெறக் காத்திருந்தோர் அனைவரும் ஐயம் எழுப்பும் இடத்தில் இருந்தனர். இழக்க இருந்தவரோ கூண்டில் நின்றார். பெண்களின் வரலாறு எழுதப்படும்போது இது பெரும்பாலும் நேர்கிறது. கணவனின் செயலுக்கு அரசியற் காரணம் தேடும் நாம், மனைவியின் செயலுக்கு மட்டும் ஆசையையும் சூழ்ச்சியையும் காரணமாக்குகிறோம்.

நீதிமன்றமே திரும்பிய வழி

நோக்கத்தை ஆராய்வது எத்தகைய புதைகுழி என்பதைப் பிரிவி கவுன்சிலே விரைவில் உணர்ந்தது. 1876ஆம் ஆண்டில், தெலுங்கு நாட்டிலிருந்து வந்த வேறொரு சுவீகார வழக்கில், விதவையின் மனத்தில் எந்தெந்த எண்ணம் எவ்வளவு வேலை செய்தது என்று நுணுகி ஆராய்வது மிகவும் ஆபத்தானது என்று அது எச்சரித்தது. சுற்றத்தார் இசைந்தார்களா என்னும் புறச்செயலே பார்க்கத்தக்கது என்ற நிலைக்கு நீதி திரும்பியது. 1956ஆம் ஆண்டின் இந்து சுவீகார, ஜீவனாம்சச் சட்டம் விதவை தன் சொந்த உரிமையிலேயே மகவை ஏற்கலாம் என்று விதித்துச் சுற்றத்தாரின் இசைவையும் தேவையற்றதாக்கியது. இராமநாதபுரத்து விதவை கடந்த படிகள் அத்தனையும் இன்று எவருக்கும் வேண்டாதவை ஆயின.

நம் ஷரீஅத்தில் சுவீகாரப் பிள்ளை வாரிசு ஆவதில்லை என்பதை வாசகர்கள் அறிவர். விதவையின் பங்கு, பிள்ளைகள் இருந்தால் எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று என வரையறுக்கப்பட்டுள்ளது. ஆதலால் இவ்வழக்கின் சட்டம் நமக்கு அயலானது. எனினும் அதன் நீதி நமக்கு அயலானதன்று. நிய்யத்தை அறிபவன் இறைவன். மனிதர்கள் வெளிப்படையைக் கொண்டே தீர்ப்புக் கூற வேண்டும் என்பது நம் ஃபிக்ஹ் அறிஞர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதாகும். 1876இல் இலண்டன் நீதிபதிகள் வந்து சேர்ந்த இடமும் அதற்கு வெகு தொலைவிலன்று.

அச்செயலின் விளைவு

ஒரு செயலின் நோக்கம் மறைந்திருக்கலாம். விளைவு மறைந்திருக்க இயலாது. தத்தெடுக்கப்பட்ட சிறுவன் இரண்டாம் முத்துராமலிங்க சேதுபதியாக வளர்ந்து, 1873வரை வாழ்ந்து, தமிழிலும் இசையிலும் புலமை காட்டினார். அவருடைய உடன்பிறந்தார் பொன்னுச்சாமித் தேவர் ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிகளுக்குப் பொருளுதவி செய்தார். பொன்னுச்சாமித் தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். முத்துராமலிங்க சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதி, 1893ஆம் ஆண்டுச் சிகாகோ சமய மாநாட்டுக்கு விவேகானந்தர் செல்ல ஊக்கமளித்தவர். 1897இல் அவர் பாம்பனில் வந்திறங்கியபோது எதிர்கொண்டு வரவேற்றவர்.

1847இல் அந்தச் சுவீகாரம் நடவாதிருந்தால், அல்லது 1868இல் தீர்ப்பு மாறியிருந்தால், இவற்றுள் எத்தனை நிகழ்ந்திருக்கும்? இவர்களில் எவரும் தம் பெருமைக்கு அடித்தளமிட்டவர் யார் என்று கேட்டால், சேதுபதிகளின் நீண்ட பட்டியலில் பெரும்பாலும் ஒருவரது மனைவியாகவும் மற்றொருவரது வளர்ப்புத் தாயாகவும் மட்டுமே குறிக்கப்படும் ஒரு பெண்மணியைத்தான் சுட்டவேண்டும்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்தாரி முறை ஒழிந்தது; சேதுபதிகளின் நிலவுரிமை பழங்கதையாயிற்று. அதற்காக வருந்துவோர் அல்லர் நாம். உழுதவனுக்கு நிலம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அடுத்த முறை உத்தரகோசமங்கையின் பெயர்ப்பலகையைக் கடந்து கீழக்கரைக்குச் செல்லும்போது, அந்த மண்ணின் உரிமைக்காகத் தம் உள்ளத்தையே விசாரணைக்கு ஒப்புக்கொடுக்க நேர்ந்த பர்வதவர்த்தினி நாச்சியாரை ஒருகணம் நினைத்துக்கொள்வோம். நம் இல்லங்களிலும், நம் தெருக்களிலும், கணவனை இழந்த ஒருத்தி தன் பிள்ளைகளுக்காகவோ சொத்துக்காகவோ வாய் திறக்கும்போது, "இவளுக்கு என்ன உள்நோக்கமோ?" என்று கேட்கும் முன், அப்படிக் கேட்பதில் நமக்கு என்ன இலாபம் என்று நம்மை நாமே முதலில் கேட்டுக்கொள்வோம்.